துர்துக் ஜனங்க எப்ப குடியேறினாங்க?

கேள்வி: லடாக் டூர் போயிருந்தோம். நுப்ரா தாண்டி பார்டர்கிட்ட துர்துக்னு ஒரு கிராமம். லடாக்னாலே புத்த மதம்னு நினைச்சுட்டு போனா இங்க அத்தனை பேரும் முஸ்லிம், பேசுறது பாகிஸ்தான் பாஷையாம். இவங்கல்லாம் எப்ப வந்து குடியேறினாங்க? பார்டர்ல வச்சிருக்கிறது சேஃப்தானா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: குடியேறினாங்களா? அவங்க எங்கேர்ந்தும் வரலைங்க, தாத்தா பூட்டன் காலத்துலேர்ந்து அதே ஊர்லதான் இருக்காங்க. 1971 டிசம்பர் போர்ல நம்ம படைதான் ஷியோக் ஆத்தோரமா மேல போய் பாகிஸ்தான்கிட்டேர்ந்து சலுங்கா, துர்துக், த்யாக்‌ஷி, தாங்னு நாலு ஊரைப் பிடிச்சுது. 13 நாள் போர், அதுக்குள்ள ஊர் கைமாறிடுச்சு. தலைமை தாங்கினவர் சேவாங் ரிஞ்சன், அவரே நுப்ராக்காரர்தான், 1948ல சின்னப் பையனா இருக்கும்போதே மகாவீர் சக்ராங்கிற ராணுவ வீர விருது வாங்கி 71ல ரெண்டாவது தடவையும் வாங்கினவர். அந்த நேரம் பாத்து வேலைக்கு, படிப்புக்குன்னு ஸ்கர்டு பக்கம் (பல்டிஸ்தான்ல இருக்குற ஊர், இப்ப பாகிஸ்தான் கையில இருக்கு) போயிருந்தவங்க அங்கயே மாட்டிக்கிட்டாங்க, புருஷன் அந்தப் பக்கம் பொண்டாட்டி இந்தப் பக்கம்னு ஆன வீடெல்லாம் இருக்கு.

1947க்கு முன்னாடி இந்த பார்டர் கோடே கிடையாது. ஜம்மு காஷ்மீரை ஆண்ட டோக்ரா ராஜா காலத்துல லே, கார்கில், ஸ்கர்டு மூணும் ஒரே நிர்வாகம். 1947-48 சண்டைல ஸ்கர்டு போச்சு, கூட துர்துக்கும் போச்சு, 71ல துர்துக் மட்டும் திரும்ப வந்துச்சு.

அடுத்தது பாஷை. பாகிஸ்தான் பாஷைன்னு யார் சொன்னது, டிரைவரா? அவங்க பேசுறது பல்டி. திபெத்திய பாஷைக் குடும்பம், லடாக்கிக்கு கூடப்பொறந்த அக்கா மாதிரி. இன்னும் சொன்னா, திபெத்திய எழுத்துல மட்டும் இருந்துட்டு திபெத் தலைநகர் லாசாக்காரங்க வாயிலேர்ந்து காணாமப்போன மெய்யெழுத்துங்க நிறைய பல்டிக்காரங்க வாயில இன்னும் உசுரோட இருக்கு. பல்டிஸ்தானும் ஒரு காலத்துல புத்த பூமிதான், ஸ்கர்டு பக்கத்துல பாறையில செதுக்கின புத்தர் இப்பவும் நிக்கிறார். இஸ்லாம் அப்புறம் வந்துச்சு, திபெத், லடாக்ல சொல்ற கேசர் ராஜா கதை மட்டும் போகல. தினம் நியூஸ்ல கேக்குற சியாச்சின்கூட பல்டி வார்த்தைதான், ரோஜா நிறைஞ்ச இடம்னு அர்த்தம்.

சேஃப்பான்னு கேட்டீங்க. அந்த சியாச்சினுக்கு ராணுவத்தோட மூட்டை சுமந்து போற போர்ட்டருங்க நுப்ராக்காரங்க, துர்துக் பக்கத்து ஆளுங்களும் அதுல உண்டு. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுப் பாருங்க, எட்டிப் பாக்காம நாம விட்டு வச்ச ஊர் அது, டூரிஸ்ட்டையே 2010லதான் உள்ள விட்டாங்க.

நீங்க அங்க என்ன பாத்தீங்கன்னு தெரியல. ஊருக்குள்ள நங்சுங்னு கல்லறை மாதிரி ஒண்ணு இருக்கும், கல்லறைன்னா சமாதி இல்லைங்க, கல்லால கட்டின ரூம். மலைச்சரிவுல கல்லிடுக்கு வழியா வர்ற சில்லுனு காத்து மேலயே கட்டியிருப்பாங்க, வெளிய வெயில் கொளுத்தினாலும் கதவைத் திறந்தா முகத்துல ஜில்லுனு அடிக்கும், வெண்ணெய் கறியெல்லாம் அதுக்குள்ளதான், கரன்ட் பில் கிடையாது. மாடில ஆப்ரிகாட் காய வச்சிருப்பாங்க, கொட்டையைக்கூட வீசாம கல்லுல தட்டி உடைச்சு உள்ள இருக்குற பருப்பை எடுத்துப்பாங்க. இதெல்லாம் விட்டுட்டு யாரு என்ன மதம்னு கணக்கெடுத்துட்டு வந்திருக்கீங்க.

தாங் வரைக்கும் போயிருந்தா பைனாகுலர் குடுத்து எதிர்ப்பக்க ஊரைக் காட்டியிருப்பாங்களே. நமக்கு அது பாகிஸ்தானைப் பாத்தாச்சுன்னு ஒரு போட்டோ. காட்டினவருக்கு அங்க சித்தப்பா வீடு இருக்கலாம். கேட்டிருந்தீங்கன்னா எந்த வீடுன்னு சொல்லியிருப்பாரு.