கரண்ட் போன வீட்டில் கடல் தொட்டி

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர் தெம்பனிசில் வீவக அடுக்குமாடி வீடு. 250 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். போன சனிக்கிழமை ஜொகூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி வந்து பார்த்தால் வீடே இருட்டு, பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. எங்கள் வீட்டில் மட்டும் டிரிப். எட்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். மஞ்சள் டாங் மீன் செத்து மிதந்தது, கிளீனர் இறாலும் போச்சு. கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சுவிட்சைத் தூக்கிவிட்டேன், எல்லாம் ஓடுகிறது. ஆனால் இன்றைக்குத் தண்ணீர் பால் கலந்த மாதிரி இருக்கிறது, பவளங்கள் சுருங்கிக் கிடக்கின்றன. மொத்தத் தண்ணீரையும் மாற்றிவிடவா?

பதில்: வேண்டாம் தம்பி. தப்பிப் பிழைத்த மீனுக்கு அது இரண்டாவது அடியாகிவிடும்.

முதலில் டாங் ஏன் போனது என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றதும் தண்ணீர் 30 டிகிரிக்குப் போய்விடும், அந்தச் சூட்டில் கடல்நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான், உப்பில்லாத நல்ல தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பம்ப் நின்றால் அதுவும் மேலிருந்து உள்ளே இறங்காது. நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கிற டாங்குக்கு மூச்சு அதிகம் வேண்டும், அதனால் அது முதலில் போகும். கோமாளி கெட்டி உயிர்.

இப்போது தெரிகிற பால் நிறம் பாக்டீரியா பெருகியது. அதுவும் ஆக்சிஜனைத்தான் குடிக்கும். அதனால் இன்று ராத்திரி காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள், அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரை ஓட விடுங்கள், அது நுரைத்துக் கோப்பை வழியும், துணியோடு பக்கத்தில் இருங்கள். அடுத்தது அம்மோனியா டெஸ்ட். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: பம்ப் நின்ற நேரத்தில் கரியமில வாயு தண்ணீரிலேயே தங்கி பிஎச் (அமில-கார அளவு) இறங்கிவிடும், பிஎச் இறங்கினால் அம்மோனியாவின் விஷமும் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். காற்று ஓட ஆரம்பித்து பிஎச் மறுபடி 8.2 பக்கம் ஏறும்போதுதான் அதே அம்மோனியா கடிக்க ஆரம்பிக்கும். கரண்ட் வந்து ஒரு நாள் கழித்து மீன் சாகிறது என்று ஆட்கள் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அம்மோனியாவைக் கட்டும் மருந்தை அளவோடு ஊற்றுங்கள். அதன் பிறகும் டெஸ்டில் நிறம் காட்டும், அதற்காக இன்னொரு மூடி ஊற்றக் கூடாது.

அப்புறம் பிணங்களைத் தேடுங்கள். மீன் கண்ணில் படும், நத்தை படாது. ஒவ்வொரு நத்தையையும் எடுத்து மூக்குக்கு நேராகப் பிடியுங்கள். செத்தது என்றால் அந்த நாற்றம் உங்களுக்கே தெரியும், மனைவி சமையலறையிலிருந்து கத்துவார். பூப்போல விரியும் கடலுயிரான அனிமோன் இருந்து அது கொழகொழவென்று உருகினால் யோசிக்காமல் எடுத்து எறியுங்கள்.

தண்ணீர் மாற்றுவது 20 முதல் 25 சதவீதம், நாளை மறுபடி அதே அளவு. குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வைத்துவிட்டு உப்புப் போடலாம் என்று நினைக்க வேண்டாம், இங்கே தண்ணீரில் இருப்பது கிருமி கொல்லும் குளோரமின், அது வாளியில் வைத்தால் பறந்து போகாது. வடிகட்டிய ஆர்ஓ தண்ணீர் எடுங்கள், இல்லையென்றால் குளோரமினுக்கும் சேர்த்து வேலை செய்கிற மருந்தைப் போடுங்கள். உப்பு அளவும் சூடும் தொட்டியோடு ஒத்துப்போக வேண்டும். பவளத்தைத் தொடாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். விளக்கை நான்கைந்து நாள் பாதி நேரம் போதும். இரண்டு நாள் தீனி வேண்டாம். ஹேமர், டார்ச் பவள வகைகளில் பழுப்பு ஜெல்லி மாதிரி வழிந்தால் அந்தத் தலையை மட்டும் வெட்டி எடுங்கள்.

வெளியே கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பா வடிகட்டி) வைத்திருக்கிறீர்களா என்று சொல்லவில்லை. பல வருடம் முன்பு எங்கள் வீட்டில் ஆறு மணி நேரம் கரண்ட் இல்லை, வந்ததும் சந்தோஷத்தில் கேனிஸ்டரை அப்படியே ஓட்டினேன். உள்ளே காற்றில்லாமல் அழுகிக் கிடந்த தண்ணீர் அழுகின முட்டை வாடையோடு தொட்டிக்குள் வந்தது. ஆறு மணி நேரம் தாக்குப்பிடித்த ராயல் கிராமா மீன் அரை மணி நேரத்தில் போய்விட்டது. அன்றைக்கு அதைக் கொன்றது நான்தான், கரண்ட் போனது அல்ல. இப்போது மூடியைத் திறந்து பழைய தண்ணீரைக் கழிவறையில் ஊற்றி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஓட்டுவேன்.

கடைசியாக, மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஆர்சிசிபி சுவிட்ச் விழுந்தது எதனால் என்று பார்த்தீர்களா? 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழும். தொட்டிக்காரர்கள் வீட்டில் பாதி நேரம் குற்றவாளி பிளக்கில் பூத்திருக்கும் உப்புதான், அல்லது ஒயர் வெடித்த பழைய பம்ப். ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். விழவைக்கிற சாமான் எது என்று தெரிந்ததும் அதை வெளியே போடுங்கள், தெரியவில்லை என்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபியைச் சுற்றி வழி கண்டுபிடிக்க வேண்டாம், அது உங்கள் கையைக் காப்பாற்ற இருக்கிறது.

கேள்வி: யுபிஎஸ் (கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி) வாங்கலாம் என்று சிம் லிம் டவர் பக்கம் போகப்போகிறேன். எவ்வளவு பெரியது? (ஈசூன்)

பதில்: குளிர்விக்கும் சில்லர் மெஷினை யுபிஎஸ்ஸில் போட ஆசைப்படாதீர்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர் பேட்டரி உள்ள சின்ன யுபிஎஸ், 40 வாட் பம்பை ஒரு மணி நேரம் இழுத்தால் பெரிய விஷயம். அதே காசில் யுஎஸ்பி காற்றுப் பம்பும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்கும் வாங்கினால் ஒரு நாள் ஓடும். ஆனால் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள், சில பவர் பேங்க் சுமை குறைவென்று நினைத்துத் தானே அணைந்துவிடும். அதைவிட நல்லது, கரண்ட் போனதும் தானே ஓட ஆரம்பிக்கும் பேட்டரி ஏர் பம்ப். செராங்கூன் நார்த் மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஏனென்றால் இங்கே ஊரே இருட்டாவது அபூர்வம், 2018 செப்டம்பர் 18 நள்ளிரவுக்குப் பிறகு பல பகுதிகளில் போனதுகூட 38 நிமிடத்தில் வந்துவிட்டது. நம் தொட்டியைக் கொல்வது நம் வீட்டு டிரிப், அதுவும் ஆள் இல்லாத நேரத்தில்.

கேள்வி: சூடு ஏறினால் ஐஸ் கட்டியை நேரடியாகப் போடலாமா?

பதில்: கூடாது, உப்பு அளவு இறங்கும். உறைய வைத்த பாட்டிலை மூடியோடு மிதக்க விடுங்கள், மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். அதோடு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குவளையில் தண்ணீர் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள், ஐஸைவிட அதுதான் முக்கியம்.

கேள்வி: கரண்ட் போனபோது தொட்டிக்குக் கீழே இருக்கும் சம்ப் தொட்டி வழிந்து கீழ் வீட்டுக் கூரை வரை இறங்கிவிட்டது. என்ன செய்வது?

பதில்: முதலில் கீழ் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போங்கள். அப்புறம் மேல் தொட்டிக்குள் வரும் பம்ப் குழாய் முனையில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சிறு துளை போடுங்கள். மட்டம் இறங்கியதும் அது காற்றை இழுத்து, குழாய் வழியே தண்ணீர் தானாகக் கீழே இறங்கும் சைஃபனை உடைத்துவிடும். துளையை மாதம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிடுங்கள், பாசி அடைத்துக்கொள்ளும். பிறகு நீங்களே சுவிட்சை அணைத்து, சம்ப் எதுவரை நிரம்புகிறது என்று நின்று பார்த்து, அந்த மட்டத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.