வைரஸ் மூளைக்குள் போய்விட்டதா?

கேள்வி: எனக்கு வயது 44. நான்கு மாதங்களுக்கு முன் கொரோனா வந்தது. மூன்று நாள் காய்ச்சல், ஒரு வாரம் இருமல், அவ்வளவுதான், ஆஸ்பத்திரியில் சேரவில்லை. ஆனால் அதன் பிறகு தலை தெளிவாகவே இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது சாதாரணச் சொல்கூட வாயில் வராமல் நின்றுவிடுகிறது. கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கூட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு உதட்டில் அடிக்கடி கொப்புளம் வரும் வழக்கமும் உண்டு. வைரஸ் மூளையில் போய்த் தங்கிவிடும், பின்னாளில் மறதி நோய் வரும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஸ்கேன் எடுக்க வேண்டுமா? வைரஸ் மாத்திரையோ ஸ்டீராய்டோ சாப்பிடலாமா டாக்டர்?

பதில்: உங்கள் மூளைக்குள் வைரஸ் தங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் மூளையில் லேசான அழற்சி, அதாவது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கொந்தளிப்பு, இன்னும் ஓயாமல் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பயம் வருகிறது. மூளையில் அழற்சி உண்டாக வைரஸ் மூளைக்குள் போயே ஆக வேண்டும் என்பதில்லை.

வைரஸ் உண்மையிலேயே உள்ளே போனால் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு வந்திருப்பது அது இல்லை என்று உங்களுக்கே புரியும். மூளைக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் என்செபலைட்டிஸ் மாதக்கணக்கில் மெதுவாக வருவது அபூர்வம். பெரும்பாலும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வந்துவிடும். காலையில் காய்ச்சலும் தலைவலியுமாக எழுந்தவர், மாலைக்குள் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். சட்டைப் பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். இல்லாத வாசனை அடிக்கிறது என்கிறார். மகளை வேறு யாரோ என்று நினைத்துக் கோபப்படுகிறார். பிறகு வலிப்பு. வீட்டில் உள்ளவர்கள் "காய்ச்சல் வேகத்தில் பிதற்றுகிறார்" என்று ஒரு ராத்திரியைக் கடத்திவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

இப்படித் திடீரென்று தனி ஒருவருக்கு வரும் மூளைக்காய்ச்சலில் முக்கியமான குற்றவாளி ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ். உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணமும் அதேதான் (பயப்பட வேண்டாம், அதற்கும் வருகிறேன்). அது மூளையின் பக்கவாட்டுப் பகுதியான டெம்போரல் மடலைத் தாக்கும். நினைவும் மொழியும் உணர்ச்சியும் அங்கேதான் அதிகம் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்பதால் முதலில் கெடுவது அவைதான். மருந்து கொடுக்காமல் விட்டால் பத்தில் ஏழு பேர் இறந்துவிடுவார்கள். 1980-களின் நடுவில் வந்த ஆய்வுகள், ரத்த நாளம் வழியாக அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைக் கொடுத்தால் இந்தச் சாவு எண்ணிக்கை வெகுவாகக் குறையும் என்று காட்டின. அதனால் சந்தேகம் வந்த உடனேயே மருந்தை ஏற்றிவிடுவோம், ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை. முதுகிலிருந்து எடுக்கும் தண்டுவட நீரில் செய்யும் பி.சி.ஆர். சோதனை, முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்தால் சில சமயம் "வைரஸ் இல்லை" என்று தவறாகக் காட்டும். அறிகுறிகள் வலுவாக இருந்தால் மருந்தை நிறுத்தாமல், சில நாள் கழித்து இன்னொரு தடவை நீர் எடுத்துப் பார்ப்போம்.

அதே நோயில் இன்னொரு சங்கதியும் உண்டு. நன்றாகக் குணமாகி வீட்டுக்குப் போனவர்களில் சிலர், சில வாரங்களில் மறுபடி குழம்பிப்போய் வருவார்கள். குழந்தைகளாக இருந்தால் கை கால்கள் தாமாக முறுக்கிக்கொள்ளும். வைரஸ் திரும்பிவிட்டது என்றுதான் வெகுகாலம் நினைத்தோம். தண்டுவட நீரில் தேடினால் பலருக்கு வைரஸே இருக்காது. 2007-இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும், நரம்பு அணுக்களின் மேல் இருந்து செய்திகளை வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்பொருட்களை (நோய் எதிர்ப்பு மண்டலம் உண்டாக்கும் புரதங்கள்) அடையாளம் கண்டார்கள். அதற்குப் பிறகுதான் இதற்கு விடை கிடைத்தது. வைரஸை விரட்டக் கிளம்பிய நோய் எதிர்ப்பு மண்டலம், உடைந்து சிதறிய மூளைத் திசுவைப் பார்த்து, மூளையையே எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. 2018-இல் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வில், ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் வந்த 51 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 14 பேருக்கு இந்த இரண்டாம் சுற்று வந்தது. இவர்களுக்கு வேண்டியது வைரஸ் மருந்து அல்ல, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சிகிச்சை. எதிரி போன பிறகும் சண்டை ஓயாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கொரோனா மூக்கோடும் தொண்டையோடும் மார்போடும் நின்றுவிட்டது. பிறகு தலை ஏன் மந்தமாகிறது? பக்கத்து வீட்டில் சண்டை நடந்தால் நம் வீட்டில் தூக்கம் கெடுவதில்லையா, அப்படித்தான். சுவாசப் பாதையில் போராடும் அணுக்கள் சைட்டோகைன்கள் என்ற ரசாயனச் செய்திகளை ரத்தத்தில் விடுகின்றன. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. ஆனாலும் சில செய்திகள் அதைத் தாண்டும். சில, தடுப்பின் உட்சுவர் அணுக்களையே தூண்டிவிடும். சில, மார்பையும் வயிற்றையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகப் போய்ச் சேரும். காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்ளத் தோன்றுவதும், யாரோடும் பேசப் பிடிக்காமல் போவதும், பசியில்லாமல் போவதும் இதனால்தான். உடம்பு ஓய்வெடுக்கட்டும் என்று மூளை போடும் உத்தரவு அது. காய்ச்சல் விட்டதும் அந்த உத்தரவு விலக வேண்டும். சிலருக்கு விலக நாளாகிறது.

அதற்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படுபவை மைக்ரோகிளியா அணுக்கள். மூளையிலேயே வாழும் காவல் அணுக்கள் இவை. 1919-இல் ஸ்பெயின் விஞ்ஞானி ரியோ ஒர்த்தேகா இவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். அமைதியாக இருக்கும்போது மெல்லிய கிளைகளை நாலாபுறமும் நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். ஆபத்து என்று செய்தி வந்தால் கிளைகளைச் சுருக்கிக்கொண்டு, உடல் பருத்து, விழுங்கத் தயாராகிவிடும். 2022-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மிஷெல் மோன்ஜே, அகிகோ இவசாகி ஆகியோரின் குழுக்கள் எலிகளுக்குச் சுவாசப் பாதையில் மட்டும் லேசான கொரோனா வரும்படி செய்து பார்த்தன. மூளையில் வைரஸ் கிடைக்கவில்லை. ஆனால் ஏழு வாரம் கழித்தும் மூளையின் வெண்பகுதியில் மைக்ரோகிளியா கொந்தளிப்பிலேயே இருந்தது. நரம்பு இழைகளுக்கு உறை போடும் அணுக்கள் குறைந்திருந்தன. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸில் புதிய நரம்பணுக்கள் உருவாவதும் குறைந்திருந்தது. ஃப்ளூ வைரஸிலும் தொடக்கத்தில் ஏறக்குறைய இதே மாற்றங்கள். ஆனால் சில, சீக்கிரம் சரியாகிவிட்டன. எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாதுதான். இருந்தாலும், சொல் வராமல் நிற்பதையும் கணக்கு ஓடாததையும் "எல்லாம் உங்கள் மனப்பிரமை" என்று தள்ளிவிட இப்போது எந்த மருத்துவருக்கும் நியாயமில்லை.

ஸ்கேன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "கொரோனா மூளையைச் சுருக்குகிறது" என்ற தலைப்புச் செய்தி உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். அது பிரிட்டனில் 785 பேரை இரண்டு முறை ஸ்கேன் செய்து, 2022-இல் வெளியிட்ட ஆய்வு. அவர்களில் 401 பேருக்கு இரண்டு ஸ்கேன்களுக்கும் நடுவே கொரோனா வந்திருந்தது. வாசனையோடு தொடர்புடைய சில பகுதிகளில் அவர்களுக்குக் கூடுதல் இழப்பு தெரிந்தது உண்மை. எவ்வளவு? 0.2 முதல் 2 சதவீதம். அதுவும் கூட்டத்தின் சராசரி; எல்லாரும் 51 வயதைத் தாண்டியவர்கள். உங்கள் ஒருவருடைய எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த அளவு வித்தியாசத்தை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெரும்பாலும் "இயல்பாக உள்ளது" என்று ரிப்போர்ட் வரும், "அப்படியானால் எனக்கு ஏன் இப்படி இருக்கிறது?" என்று இன்னும் குழம்புவீர்கள். பரிசோதிக்கும் மருத்துவர் கை கால் பலவீனமோ பார்வைக் கோளாறோ கண்டால் மட்டும் எடுத்தால் போதும்.

மறதி நோய் பயத்துக்கு வருகிறேன். ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்களுக்கும் அல்சைமர் நோய்க்கும் தொடர்பு உண்டா என்ற ஆராய்ச்சி உண்மையாகவே நடக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, அக்கியைப் பற்றிய வேல்ஸ் நாட்டு ஆய்வு (அக்கியும் ஹெர்பிஸ் குடும்ப வைரஸால் வருவதுதான்). அங்கே அக்கி தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டும் ஊசி. ஒரு வாரம் முன்னால் பிறந்திருந்தாலும் கிடையாது. பிறந்த தேதியைத் தவிர வேறு வித்தியாசமே இல்லாத இரண்டு கூட்டங்கள் இப்படித் தானாகவே அமைந்துவிட்டன. ஏழு ஆண்டுகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மறதி நோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வந்தது என்று 2025-இல் வெளியிட்டார்கள். ஊசி, வைரஸை அடக்கியதால் பலன் வந்ததா, எதிர்ப்பு மண்டலத்தைப் பொதுவாகச் சீராக்கியதால் வந்ததா என்பது அதில் முடிவாகவில்லை. அதே ஆண்டு இன்னொரு முடிவும் வந்தது. தொடக்கநிலை அல்சைமர் நோயாளிகளுக்கு வாலசைக்ளோவிர் என்ற ஹெர்பிஸ் மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் பலன் இல்லை. ஆக, உதட்டுக் கொப்புளம் வருகிறவருக்கெல்லாம் மறதி நோய் வரும் என்று யாராவது சொன்னால் அது வெறும் பயமுறுத்தல். உலகில் பாதிக்கு மேற்பட்டவர்களின் உடம்பில் அந்த வைரஸ் இருக்கிறது.

மாத்திரை விஷயத்தில் என் பதில் 'வேண்டாம்' என்பதுதான். நீண்டகாலக் கொரோனாத் தொந்தரவு உள்ள 155 பேருக்கு அமெரிக்காவில் 15 நாள் பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். போலி மாத்திரையைவிட மேலான பலன் கிடைக்கவில்லை. ஸ்டீராய்டு இன்னும் மோசமான யோசனை. இரண்டு நாள் சுறுசுறுப்பாக இருக்கும், அப்புறம் தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும், மனநிலை தடுமாறும். ஏற்கெனவே தூக்கம் போய்விட்டது என்கிறீர்கள். தூக்கம் இல்லாவிட்டால் வைரஸே வராதவருக்கும் சொல் தடுமாறும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது எளிதாகத் திருத்தக்கூடிய காரணங்களை. ரத்தத்தில் ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, சர்க்கரை பார்த்துவிடுங்கள். பெரிய சத்தத்தில் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கூடப் படுப்பவரிடம் கேளுங்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்பதையும் கூச்சமில்லாமல் மருத்துவரிடம் பேசுங்கள். அதுவும் இதே மாதிரி மந்தத்தைத் தரும். கனமான கணக்குகளை மனம் தெளிவாக இருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொண்டு, களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்துங்கள். நடையோ உடற்பயிற்சியோ செய்த மறுநாள் படுக்கையிலேயே கிடக்கும்படி ஆகிறதென்றால், வீம்புக்குச் செய்யாமல் அளவைக் குறையுங்கள். லேசான தொற்றுக்குப் பின் வரும் இந்த மந்தம் பெரும்பாலோருக்கு மாதங்கள் போகப் போகக் குறைகிறது. நாளுக்கு நாள் கூடுவதுதான் வழக்கத்துக்கு மாறானது. அப்படிக் கூடினால் நரம்பியல் மருத்துவரை நேரில் பாருங்கள். காய்ச்சலோடு குழப்பம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் விழுதல், திடீரென்று குணம் மாறுதல் இவற்றில் ஏதாவது வந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

கடைசியாக உதட்டுக் கொப்புளம். அந்த வைரஸ் பதுங்கியிருப்பது முகத்தின் தொடுவுணர்வுக்கான நரம்பின் முடிச்சில். அந்த முடிச்சு மூளைக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து அது நரம்பு வழியாக உதட்டுக்குத்தான் வழக்கமாக இறங்கும், மூளைப் பக்கம் ஏறுவது மிக மிக அபூர்வம். காய்ச்சல், வெயில், தூக்கமின்மை இவையெல்லாம் அதைக் கிளப்பிவிடும். கொப்புளம் இருக்கும்போது அதைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்காதீர்கள். பச்சைக் குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள். ஆண்டுக்கு ஆறு தடவைக்கு மேல் வருகிறதென்றால் சொல்லுங்கள், அதைத் தடுக்க மாத்திரை உண்டு.