ரூத் சுமந்த ஒரு மரக்கால்: நகோமி ஏன் வியந்தாள்?

வேதாகமத்தில் ரூத் தன் மாமியார் நகோமியிடம் கொண்டுவந்த தானியம் நம் ஊர் அளவையான மரக்கால் அல்ல, எப்பா என்ற எபிரேய அளவு. அங்கேதான் அவள் கதையைச் சொல்லும் உங்கள் அத்தியாயம் இடறுகிறது. 'ஒரு மரக்கால் வாற்கோதுமைக்கா மாமியார் இப்படி வியப்பாள்?' என்று உங்கள் வாசகி கேட்டது நியாயம்தான்.

பழைய தமிழ் வேதாகமத்தை மட்டும் வைத்து எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எபிரேயத்தில் எப்பா என்றிருப்பதை அது மரக்கால் என்கிறது. நம் மரக்கால் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், ஆனால் பொதுவாக எப்பாவுக்கு எட்டாது. எப்பா சுமார் 22 லிட்டர். உமி நீங்காத வாற்கோதுமையாக 13 கிலோ வரும். சிந்திய கதிரைப் பொறுக்கி ஒருத்தி ஒரே நாளில் சேர்த்தது! வயலின் சொந்தக்காரர் போவாஸ் வேலையாட்களிடம் அரிகளிலிருந்து வேண்டுமென்றே சிந்தவிடச் சொன்னது அப்போதுதான் புரியும்.

ஒன்று செய்து பாருங்கள். 13 கிலோ அரிசியை ஒரு பழைய போர்வையில் மூட்டை கட்டி, மாடிப்படி ஏறுங்கள். பெத்லகேம் மலைமேல் இருக்கிற ஊர், வயல்கள் கீழே. முடிச்சு தோளில் எங்கே அழுத்துகிறது, எத்தனையாவது படியில் கை மாற்றுகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நகோமி கேள்வி கேட்பதற்கு முன்பு அவள் கண் அந்தத் தோளில் படட்டும்.

ஆனால் கதைக்குள் கிலோக் கணக்கு வேண்டாம். எப்பாவின் அளவில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அப்புறம், ரூத் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் போவாஸ் அளந்து கொடுக்கிற 'ஆறு' எந்த அளவு என்று எபிரேயத்தில் சொல்லவே இல்லை. அதை ஆறு எப்பா ஆக்கிவிடாதீர்கள், ஒருத்தி போர்வையில் கட்டிச் சுமந்துபோனாள் என்றால் நம்பும்படி இருக்காது.