நெடும்பாதையில் உணவுக்கு என்ன வழி?

கேள்வி: அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை மாதக்கணக்கில் நடந்து கடப்பவர்கள், அத்தனை நாள் உணவையும் முதுகிலேயே சுமக்கிறார்களா?

பதில்: இல்லை. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்ன் மாநிலத்தின் கடாதின் சிகரம் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையில், பெரும்பாலோர் சில நாள்களுக்கான உணவை மட்டும் சுமந்து சென்று, வழியில் வரும் சிற்றூர்களில் மீண்டும் நிரப்பிக்கொள்கிறார்கள். வட கரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்ஸில் பாதையே ஊரின் கடைத்தெரு வழியாகச் செல்கிறது.

ஊரில் கழியும் நாளை ஓய்வு நாள் என்று எண்ணிவிடக் கூடாது. துணி துவைத்து, கைப்பேசிக்கு மின்னேற்றி, எடையைக் குறைப்பதற்காக அட்டைப் பெட்டிகளைக் களைந்து, ஓட்ஸையும் நூடுல்ஸையும் சிறு பைகளில் மாற்றிக் கட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தமக்குத் தாமே முன்கூட்டிப் பொட்டலம் அனுப்பி, பெறுபவர் நேரில் வரும்வரை அஞ்சலகமே வைத்திருந்து தரும் ‘ஜெனரல் டெலிவரி’ முறையில் அதைப் பெற்றுக்கொள்வோரும் உண்டு. ஆனால் ஞாயிறன்று ஊர் வந்து சேர்ந்தால் அஞ்சலகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், நல்ல கடை உள்ள ஊரில் கடையை நம்புவதே மேல் என்பேன். மெய்னில் மான்சன் என்ற ஊரைத் தாண்டித் தொடங்கும் ‘நூறு மைல் வனம்’ மட்டும் வேறு வகை: 10 நாள் உணவின்றி நுழைய வேண்டாம் என்று அங்கே எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள்.