ட்ராஃப்டில் பெயர் வராத மகன்

கேள்வி: எங்களுக்கு ஒரே மகன், 2007 ஓகஸ்டில் பிறந்தவன். சின்ன வயதிலிருந்து ஐஸ் ஹொக்கிதான் அவனுக்கு உலகம். இரண்டு சீசனாக ஓ.எச்.எல். என்ற ஒன்ராறியோ ஜூனியர் லீக்கின் அணியொன்றில் தடுப்பாட்டக்காரனாக ஆடுகிறான். கடந்த 2025 ஜூன் கடைசியில், என்.எச்.எல். என்ற பெரிய தொழில்முறை லீக்கின் அணிகள் இளம் ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தெரிவு செய்யும் ட்ராஃப்டை இரண்டு நாளும் ரீவிக்கு முன்னால் இருந்து பார்த்தோம். ஏழு சுற்றும் முடிந்தது, அவனுடைய பெயர் வரவில்லை. அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, ஆரோடும் கதைப்பதில்லை. ஹொக்கிப் பை வாசலடியில் கிடக்கிறது. ஈரக் கையுறைகளை எடுத்துக் காயப்போடக்கூட இல்லை. “காணும், இனி எஞ்சினியரிங் படிக்கட்டும்” என்கிறார் இவர். மகனோ செப்டெம்பரில் திரும்பவும் அணிக்குப் போவேன் என்று நிற்கிறான். இதற்குள் ஐரோப்பாவில் அணி எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் நாலாயிரம் டொலர் கேட்கிறார். விடியக்காலையில் எழும்பி அவனை ரிங்குக்கு ஏற்றிப் போய் வந்தவள் நான். எல்லாம் முடிந்துவிட்டதா? நான் ஆர் பக்கம் நிற்பது?
– பெயர் வேண்டாம், மார்க்கம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த நாலாயிரம் டொலர். அதைக் கொடுக்காதீர்கள். என்.எச்.எல். அணிகள் கோடையில் நடத்தும் வளர்ச்சி முகாம்களுக்கு ட்ராஃப்டில் எடுபடாத பிள்ளைகளையும் கூப்பிடுவார்கள். அந்த அழைப்புக்கு யாரும் காசு வாங்குவதில்லை. ஒழுங்கான ஏஜென்ட் தன் பங்கை ஆட்டக்காரரின் ஒப்பந்தப் பணத்திலிருந்துதான் எடுப்பார். முன்பணம் கேட்கும் ஆள் உங்கள் வீட்டுக் கவலையை விலை பேசுகிறார். அந்த இலக்கத்தை ஃபோனிலிருந்து அழித்துவிடுங்கள்.

இனி உங்கள் மகன். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது அவன் பிறந்த மாதம். செப்டெம்பர் 15ஆம் திகதிக்குள் 18 வயது நிரம்புகிறவர்கள்தான் அந்த வருட ட்ராஃப்டுக்குத் தகுதி. ஓகஸ்டில் பிறந்தவன் என்றால், அந்தக் கூட்டத்திலேயே மிக இளையவர்களில் ஒருவன். செப்டெம்பர் பாதிக்குப் பிறகு பிறந்திருந்தால் அடுத்த வருடப் பட்டியலில் நின்றிருப்பான். போன வருடம் ஒக்ரோபரில் 18 முடிந்த பிள்ளையையும் ஜூனில் இன்னும் 17 வயதில் இருக்கும் உங்கள் மகனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கௌட்டுகள் பார்த்தார்கள். அந்த வயதில் பத்து மாதம் என்பது தோள் அகலத்திலும் ஸ்கேட்டிங் வேகத்திலும் தெரியும். தடுப்பாட்டக்காரர்கள் மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் முற்றுவார்கள் என்று ஹொக்கிக்காரர்களே சொல்வார்கள்.

அப்புறம், இது அவனுக்குக் கடைசி ட்ராஃப்டும் இல்லை. 2026இலும் 2027இலும் அவனை எடுக்கலாம். அந்த இரண்டிலும் பெயர் வராவிட்டால், எந்த அணியோடும் ஒப்பந்தம் பேசக்கூடிய சுதந்திர ஆட்டக்காரன் ஆகிவிடுவான். 32 அணிகள், 7 சுற்றுகள், மொத்தம் 224 இடங்கள். கனடா, அமெரிக்கா, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, செக் என்று எல்லா நாட்டுப் பிள்ளைகளும் இந்த 224க்குள் அடங்க வேண்டும். அதற்கு வெளியே நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களில் பலர் நல்ல ஆட்டக்காரர்கள்.

அப்படி வெளியே நின்ற கனடியர் ஒருவரின் கதையை உங்கள் மகன் அறிந்திருப்பான். உங்கள் கணவர் அறிந்திருக்க மாட்டார், அதனால் அவருக்காக எழுதுகிறேன். மார்ட்டின் சென் லூயி, கியூபெக்கின் லவாலில் பிறந்தவர். உயரம் 5 அடி 8 அங்குலம். இந்த உடம்போடு என்.எச்.எல்.லில் நிற்க முடியாது என்று எல்லா அணியும் அவரைக் கடந்து போயின. அவர் அமெரிக்காவின் வெர்மொண்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்துக்கொண்டே ஆடினார். பிறகு கிளீவ்லண்டில் ஒரு சிறிய லீக். 1998இல் கல்கரி அணி ஒப்பந்தம் கொடுத்தது. அங்கே இரண்டு சீசனில் 69 ஆட்டங்கள், வெறும் 4 கோல்கள். 2000ஆம் ஆண்டு இரண்டு புதிய அணிகள் லீக்கில் சேர்ந்து மற்ற அணிகளிலிருந்து ஆட்டக்காரர்களை எடுத்தபோது கல்கரி அவரைக் காப்பாற்றி வைக்கவில்லை. அந்தப் புதிய அணிகளும் தொடவில்லை. கடைசியில் மிச்ச ஒப்பந்தத்துக்குக் காசைக் கொடுத்து கல்கரி அவரை வெளியே விட்டது. அப்போது அவருக்கு 25 வயது.

டம்பா பே அணி அவரை எடுத்தது. 2003-04 சீசனில், அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து, 94 புள்ளிகளோடு லீக்கிலேயே முதலிடம், மிகப் பெறுமதியான ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது. அந்த வருடம் லீக்கின் சம்பியன் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தின் இறுதிச் சுற்றில் டம்பாவுக்கு எதிரே நின்றது கல்கரி. கல்கரி ஏற்கனவே மூன்று ஆட்டம் வென்றிருந்தது, இன்னும் ஒன்று வென்றால் கிண்ணம் அவர்களுக்கு. ஆறாவது ஆட்டம் கல்கரியிலேயே நடந்தது. சமநிலை உடையவில்லை, இரண்டாவது மேலதிக நேரம் தொடங்கியது. தொடங்கி 33 விநாடியில் கோல் அடித்து ஆட்டத்தை முடித்தவர் சென் லூயி. ஏழாவது ஆட்டத்தையும் டம்பா வென்றது. 37 வயதில், 2013இல், திரும்பவும் லீக்கில் அதிகப் புள்ளி எடுத்தார். 2018இல் ஹொக்கியின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். இப்போது மொன்றியல் கனேடியன்ஸின் பயிற்றுநர்.

இதைச் சொல்வது மகனும் அப்படி வருவான் என்று நம்பிக்கை ஊட்ட இல்லை, சகோதரி. சென் லூயி போன்றவர் தலைமுறைக்கு ஒருவர் இருவர்தான். ட்ராஃப்டில் வராத பெரும்பாலானவர்கள் என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடுவதில்லை. நான் சொல்ல வருவது வேறு. ஜூனில் அந்த மேசைகளில் இருந்தவர்கள் செய்தது ஒரு ஊகம். உங்கள் மகனின் ஆட்டத்தைப் பற்றிய தீர்ப்பை அவர்களால் 17 வயதில் எழுத முடியாது. ஆனால் ஊகம் பிழைத்தது என்று நிரூபிக்கிற வேலை இனி அவனுடையது, அதற்கு வருடங்கள் எடுக்கும். அந்த வருடங்களை அவன் எங்கே, எப்படிக் கழிக்கப்போகிறான் என்பதுதான் உங்கள் வீட்டில் கதைக்கவேண்டிய விஷயம்.

அதனால்தான் ரொபின் பாவாவைப் பற்றியும் அவன் அறிய வேண்டும். வன்கூவர் தீவிலுள்ள டங்கன் என்ற சிறிய ஊரின் பஞ்சாபிப் பிள்ளை. கம்லூப்ஸ் ஜூனியர் அணியில் நன்றாக ஆடியும் ட்ராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 1987இல் வாஷிங்டன் ஒப்பந்தம் கொடுத்தது. 1989-90 சீசனில் என்.எச்.எல்.லில் இறங்கினார், இந்திய வம்சாவளியில் அந்த லீக்கில் ஆடிய முதல் ஆள் அவர்தான். வாஷிங்டன், வன்கூவர், சான் ஹோசே, அனஹைம் என்று நாலு அணிகள், எல்லாமாக 61 ஆட்டங்கள், 6 கோல்கள். மீதி வருடங்கள் ஃபோர்ட் வெய்ன், பால்டிமோர், மில்வோக்கி, கன்சாஸ் சிட்டி என்று கீழ் லீக் நகரங்களில் போயின. பஸ்ஸில் நித்திரை, அடுத்த நாள் ஆட்டம், காயம், திரும்பவும் பஸ். என் கண்ணுக்கு இது நிறைவான ஒரு ஆட்ட வாழ்க்கை. உங்கள் மகனிடம் இதைக் காட்டி ஒரு கேள்வி கேளுங்கள்: “இப்படித்தான் அமையும் என்று இப்பவே தெரிந்தாலும் நீ போவாயா?” போவேன் என்று யோசித்துச் சொன்னால் அவனுக்கு வேண்டியது ஹொக்கி. சொல்லத் தயங்கினால் அவனுக்கு வேண்டியிருந்தது ஜூன் மாதத்தில் அந்த மேடை. இரண்டிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் எது என்று அவனுக்கே தெரிய வேண்டும்.

கீழ் லீக்கின் காசுக் கணக்கையும் ஒளிக்காமல் கதையுங்கள். என்.எச்.எல்.லில் 2025-26க்கு ஆகக் குறைந்த சம்பளமே 775,000 அமெரிக்க டொலர். அதற்கு அடுத்த படியான ஏ.எச்.எல்.லில் சம்பளம் அதிலிருந்து வெகு கீழே. அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல்., அங்கே சம்பளம் வாரக் கணக்கு. சீசன் நடக்கும்போது தங்க வீட்டை அணி கொடுக்கும், சீசன் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும். கோடையில் வேறு வேலை தேடவேண்டியிருக்கும். அந்த ஈ.சி.எச்.எல்.லிலிருந்து மேலே வந்து வன்கூவரில் நிலைத்தவர்தான் அலெக்ஸ் பரோஸ். 2011இல் சிகாகோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் மேலதிக நேரக் கோல் அடித்தாரே, அவர்தான். அவரையும் ட்ராஃப்டில் யாரும் எடுத்திருக்கவில்லை.

இனி உங்கள் கணவரின் பக்கம். படிப்பா ஹொக்கியா என்று வீடு இரண்டாகியிருக்கிறது, ஆனால் உங்கள் மகன் இருக்கும் இடத்தில் இரண்டும் ஒரே பாதையில் போகக்கூடியவை. ஓ.எச்.எல்.லில் ஆடும் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் பல்கலைக்கழகப் படிப்புக்கான புலமைப்பரிசில் என்பது அந்த லீக்கின் ஏற்பாடு. அவன் இரண்டு சீசன் ஆடிவிட்டான். எஞ்சினியரிங் படிப்பில் இரண்டு வருடச் செலவை அவனே உழைத்து வைத்திருக்கிறான் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். இன்னும் ஒரு சீசன் ஆடினால் மூன்றாவது வருடமும் சேரும்.

முந்தி இன்னொரு இக்கட்டு இருந்தது. ஓ.எச்.எல்.லில் ஆடிய பிள்ளை அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆட முடியாது, பதினாறு வயதிலேயே ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். 2024 நவம்பரில், அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அந்த விதியை மாற்றியது, 2025 ஓகஸ்ட் 1 முதல் கதவு திறந்துவிட்டது. ட்ராஃப்டில் வராதவர்களுக்கு இது பெரிய விஷயம். உடம்பும் ஆட்டமும் முற்றுவதற்குப் பல்கலைக்கழகம் இன்னும் மூன்று நாலு வருடம் கொடுக்கும். ரெஜைனாவில் பிறந்த கிறிஸ் கூனிட்ஸ் மிச்சிகனிலுள்ள ஃபெரிஸ் ஸ்டேட்டில் நாலு வருடம் ஆடிவிட்டு 23 வயதில்தான் முதல் ஒப்பந்தம் போட்டார். நாலு ஸ்டான்லி கிண்ணம் வென்றார்.

இங்கேயே படிக்கலாம் என்றாலும் வழி உண்டு. யோர்க், ரொறன்ரோ, ரொறன்ரோ மெற்றோபொலிற்றன், ஒன்ராறியோ ரெக் எல்லாவற்றுக்கும் ஹொக்கி அணி இருக்கிறது. கல்கரியைச் சேர்ந்த லோகன் தொம்சன் என்ற கோல்காப்பாளர் ப்ரொக் பல்கலைக்கழகத்துக்கு ஆடி, ஈ.சி.எச்.எல். வழியாக என்.எச்.எல்.லுக்குப் போனவர். மார்க் ஜோர்டானோ நம்ம ரொறன்ரோப் பிள்ளை, உங்கள் மகனைப்போலவே தடுப்பாட்டம், ஓவன் சவுண்டில் ஓ.எச்.எல். ஆடினார். யாரும் எடுக்காததால் யோர்க்கில் படிக்க ஆயத்தமானார், அந்த நேரத்தில்தான் கல்கரி முகாமுக்கு அழைப்பு வந்தது. கீழ் லீக்கில் ஆடினார், ஒரு வருடம் மொஸ்கோ போய் ஆடினார், திரும்பி வந்து கல்கரியின் அணித் தலைவரானார். 2019இல், 35 வயதில், லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நொரிஸ் விருது வாங்கினார்.

செப்டெம்பரில் அணிக்குத் திரும்புவதா என்று கேட்டால், போகட்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். 18 வயதில் ஓ.எச்.எல்.லில் இடம் இருக்கும்போது அதை விடுவதற்கு ஒரு காரணமும் தெரியவில்லை. சரேயில் வளர்ந்த அர்ஷ்தீப் பெய்ன்ஸ் 2019, 2020, 2021 என்று மூன்று ட்ராஃப்டிலும் எடுபடவில்லை. ரெட் டியர் அணிக்குத் திரும்பிப் போய் 2021-22இல் 112 புள்ளி எடுத்தார், மேற்குக் கனடா ஜூனியர் லீக் முழுவதிலும் அதுதான் அதிகம். அந்த மார்ச்சில் வன்கூவர் ஒப்பந்தம் கொடுத்தது. 2024 பெப்ரவரியில் என்.எச்.எல்.லில் இறங்கினார். 2025இல் அபொட்ஸ்ஃபோர்ட் அணியோடு ஏ.எச்.எல். கிண்ணமும் வென்றார். திரும்பிப் போன அந்த ஒரு சீசன் இல்லையென்றால் இதில் எதுவும் நடந்திராது.

ஆனால் போகும்போது ஒரு கணக்கோடு போகட்டும். 2027 ட்ராஃப்ட் வரைக்கும் பார்ப்பது, அதற்குள் ஒப்பந்தம் வராவிட்டால் புலமைப்பரிசிலோடு பல்கலைக்கழகம், அங்கேயும் ஹொக்கி. அணியில் இருக்கும்போதே பல்கலைக்கழகப் பாடங்கள் ஒன்றிரண்டு எடுக்கலாம், எடுப்பவர்கள் நிறையப் பேர். இப்படி ஒரு திகதி இருந்தால் உங்கள் கணவருக்கு மனம் ஆறும், மகனும் தினமும் வீட்டில் வாதாடத் தேவையில்லை.

அவன் சாப்பிடாதது, கதைக்காததுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட யோசனை. இத்தனை வருடமும் அவனுக்கு முன்னால் இருந்த ஒரு நாள் வந்து போய்விட்டது, அந்தத் துக்கத்துக்கு இடம் கொடுங்கள். “அடுத்த முறை பார்க்கலாம்” என்று உடனே தேற்ற வேண்டாம். இன்னும் இரண்டு கிழமையில் மாற்றம் தெரியாவிட்டால் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். அணியின் பயிற்றுநருக்கும் தெரியப்படுத்துங்கள், அவர்களுக்கு இது புதிதில்லை.

ஆர் பக்கம் நிற்பது என்று கேட்டீர்கள். பக்கம் எடுக்காமல், இந்தக் கிழமை ஒரு வேலை செய்யுங்கள். ஓ.எச்.எல். அணிகளில் பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்க ஒருவர் இருப்பார். அவரை அழைத்து, மகனின் புலமைப்பரிசில் எத்தனை வருடம், எவ்வளவு காலத்துக்குள் பாவிக்க வேண்டும், எந்த மாதிரி ஒப்பந்தம் கையெழுத்திட்டால் அது கைவிட்டுப் போகும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் உங்கள் கணவரையும் மகனையும் ஒரே மேசையில் இருத்தி, அவர்கள் இருவரையுமே வாசிக்கச் சொல்லுங்கள்.