பச்சை மீனுக்குப் பயப்படலாமா?

கேள்வி: லண்டனில் மகன் எங்களைப் பெரு நாட்டு உணவகத்துக்குக் கூட்டிப் போகிறானாம். செவிச்சே பச்சை மீனாமே, சாப்பிடலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தேசிக்காய்ப் புளியில் பத்து நிமிடம் ஊறினால் மீன் வெளுத்து, வெந்தது போல இறுகும். ஆனால் புழுவும் கிருமியும் சாகாது. மைனஸ் 20 பாகையில் 7 நாள் உறைய வைத்த மீனா என்று கேளுங்கள். அதில் புழு சாகும், கிருமி சாகாது. கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

தட்டு வந்ததும் சாப்பிடுங்கள், புளியில் கனநேரம் கிடந்தால் ரப்பர்தான். கொச்சிக்காய் உறைத்தால் பக்கத்திலிருக்கும் அவித்த வற்றாளங்கிழங்கைக் கடியுங்கள். மனம் ஒப்பாவிட்டால் லோமோ சல்தாதோ: மாட்டிறைச்சி, வெங்காயம், தக்காளி, சோயா சோஸ், பொரித்த உருளைக்கிழங்கு, சோறு. மாடு சாப்பிடாதவர்கள் கோழியில் கேட்கலாம்.

ஊருக்கு வந்து, லொறியில் மலையேறி வரும் மீனில் மட்டும் செவிச்சே செய்து பார்க்காதீர்கள்!