படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அடிக்க உரிமையில்லை

சகோதரி, தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி அரசுப் பள்ளியில் உங்கள் பையனைக் குழாயால் அடித்திருக்கிறார்கள். "அடிக்கலாம் என்று சேர்க்கைப் படிவத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டீர்களே" என்கிறார் பிரின்சிபால். அந்தக் கையெழுத்து செல்லாது. 1996 தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி அடிப்பதே குற்றம். தாக்குதலுக்கு உரிய தண்டனைதான். பெற்றோர் சம்மதத்தோடு அடிக்க விலக்குக் கேட்ட தனியார் கிறிஸ்தவப் பள்ளிகளின் வழக்கையே அரசியலமைப்பு நீதிமன்றம் 2000இல் தள்ளிவிட்டது. அரசுப் பள்ளி எந்த மூலைக்கு?

தடிப்பு மங்குமுன் காவல் நிலையம் போங்கள். வழக்கு எண்ணும், காயத்தை டாக்டர் பதிவுசெய்யும் ஜே88 (J88) படிவமும் வாங்குங்கள். காயத்தின் இடம், நீளம், நிறத்தை டாக்டர் அதில் எழுதட்டும். கைப்பேசிப் படம் மட்டும் போதாது, யார் எப்போது எடுத்தது என்று குடைவார்கள். ஆசிரியர் பதிவு மன்றமான சேஸுக்குத் (SACE) தனியாக எழுத்தில் புகார் கொடுங்கள். "பேசித் தீர்ப்போம்" என்று பள்ளி இழுத்தடிக்கும். பேசுங்கள், வழக்கு எண் கைக்கு வந்தபிறகு.